பெல் அடிக்காமலே எழுந்திருக்குமா பிள்ளை?

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். டிரங்குப் பெட்டி, பிளாஸ்டிக் பக்கெட், பக்கெட்டுக்குள் சோப்பு டப்பா, தேங்காய் எண்ணெய் பாட்டில், ஒரு சம்படம் முறுக்கு என்று குடும்பம் குடும்பமாக இறங்குவார்கள். நாமக்கல் மாவட்டத்து ஹாஸ்டல் பள்ளிகளைத் தேடி எந்தெந்த ஊரிலிருந்தோ வருகிறவர்கள்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அப்பா சொல்வார்: "வீட்ல இருந்தா எந்நேரமும் செல்போனுதாங்க. ஹாஸ்டல்ல போட்டாத்தான் ஒழுங்குக்கு வருவான்." பக்கத்தில் நிற்கும் பையன் காதில் விழாத மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்பாட்டை மட்டும் நேரத்துக்குச் சாப்பிடு கண்ணு" என்பார்.

ஒழுங்கு! இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நிலத்தை அடமானம் வைத்தும், நகையை வங்கியில் வைத்தும் ஃபீஸ் கட்டுகிறார்கள் பலர். சரி, அந்த ஒழுங்கு பிள்ளையிடம் வந்து சேர்கிறதா?

தீபாவளி லீவுக்கு வீட்டுக்கு வந்த பிள்ளையைக் கவனித்தால் பதில் தெரிந்துவிடும். ஹாஸ்டலில் விடியற்காலையில் எழுந்தவன், வீட்டில் பத்து மணி வரை போர்வைக்குள் கிடக்கிறான். அங்கே வரிசையில் நின்று தட்டைக் கழுவியவன், இங்கே சாப்பிட்ட இடத்திலேயே கையை உதறிவிட்டு எழுந்து போகிறான். "இவனா அங்க அஞ்சு மணிக்கு எந்திரிச்சான்?" என்று அம்மாவுக்கு ஆச்சரியம்.

ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அங்கே எழுந்தது பெல்லுக்காக. பெல் நின்றதும் பழக்கமும் நின்றுவிட்டது. பிறர் கண் பார்க்கும்போது நடப்பது கட்டுப்பாடு. யாரும் பார்க்காதபோதும் தானாக நடப்பதுதான் சுயகட்டுப்பாடு. இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டுதான் நம்மில் பலர் ஏமாறுகிறோம்.

ராசிபுரத்துக்காரர் கேட்ட கேள்வி

குழந்தைகளுக்காக டெல்லியில் ஒலித்த ஒரு முக்கியமான குரலுக்கு இந்த ஊரோடு தொடர்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. எழுத்தாளர் ஆர்.கே. நாராயணின் பெயரில் இருக்கும் 'ஆர்', ராசிபுரம்தான். அவருடைய தம்பி, கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்ஷ்மணின் 'ஆர்' என்பதும் இதே ஊர்தான். நாராயண் 1906-ல் சென்னையில் பிறந்தவர். பிறகு மைசூரில் வாழ்ந்தவர். ஆனாலும் குடும்பத்தின் பூர்விகமான ராசிபுரத்தைக் கடைசி வரை பெயரோடு சுமந்தார்.

மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகப் போன நாராயண், 1989-ல் தன் முதல் உரையை நிகழ்த்தினார். இலக்கியம் பற்றிப் பேசுவார் என்று நினைத்திருப்பார்கள். அவர் பேசியது பள்ளிக்கூடப் பையைப் பற்றி! பை சுமந்து குழந்தைகளின் முதுகு வளைந்துபோகிறது, காலையில் எழுந்தது முதல் இரவு தூங்கும் வரை அவர்களுக்கு விளையாடவோ சும்மா இருக்கவோ நேரமே இல்லை, குழந்தைப் பருவமே பறிபோகிறது என்று வருத்தப்பட்டார். தேவைப்பட்டால் அவசரச் சட்டம் போட்டாவது பள்ளிப் பையை ஒழிக்க வேண்டும் என்றார்.

அந்தப் பேச்சு வீண்போகவில்லை. பேராசிரியர் யஷ்பால் தலைமையில் 1992-ல் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 'சுமையில்லாத கற்றல்' என்ற அறிக்கையை 1993-ல் அந்தக் குழு கொடுத்தது. பையின் எடையைவிடப் பெரிய சுமை, புரியாமலே படிக்க வேண்டியிருப்பதுதான் என்று அது சொன்னது. இன்றைக்கும் கல்வி பற்றிப் பேசுகிறவர்கள் மேற்கோள் காட்டும் அறிக்கை அது.

நாராயணின் முதல் நாவலான 'சுவாமியும் நண்பர்களும்' 1935-ல் வந்தது. அதில் அப்பா மாம்பழ விலைக் கணக்கு ஒன்றைக் கொடுத்துப் போடச் சொல்வார். சிறுவன் சுவாமிக்கோ, அந்த மாம்பழம் பழுத்ததா இல்லையா என்பதுதான் முக்கியமாகப் படும். அது தெரியாமல் எப்படி விலை சொல்வது? சிரிப்பு வருகிறதல்லவா? ஆனால் சந்தையில் காய் வாங்குகிறவர் எவரும் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்பார். வாழ்க்கைத் திறன் என்று நாம் இப்போது பெரிய பெயர் வைத்துப் பேசுவதெல்லாம் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாராயண் பள்ளியில் முதல் மாணவர் இல்லை. கல்லூரியில் சேர்வதற்கான தேர்வில் ஒரு முறை தவறியவர். அந்த ஒரு வருடமும் வீட்டிலிருந்தபடி புத்தகங்களாகப் படித்துத் தள்ளினார். தம்பி லக்ஷ்மணுக்கு மும்பையின் புகழ்பெற்ற ஜே.ஜே. ஓவியப் பள்ளி இடம் கொடுக்க மறுத்தது. அவர் படம் வரைவதை நிறுத்தவில்லை. பெல் அடித்து எழுப்ப ஆளில்லாத நாட்களிலும் தானாக உட்கார்ந்து வேலை செய்த பழக்கம்தான் இருவரையும் தூக்கி நிறுத்தியது. மதிப்பெண் கைவிட்ட நேரத்தில் பழக்கம் கைகொடுத்தது.

21 நாள் போதுமா?

"ஒரு விஷயத்தை 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்" என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. அதை நம்பி 22-ம் நாள் பிள்ளை பல் தேய்க்காமல் பள்ளிக்குக் கிளம்பினால் நமக்குக் கோபம் வருகிறது.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி என்ற ஆய்வாளரின் குழு இதை 96 பேரிடம் சோதித்துப் பார்த்தது. சாப்பாட்டோடு பழம், தண்ணீர், சாயங்கால ஓட்டம் என்று ஆளுக்கொரு சின்னப் பழக்கம். யோசிக்காமல் தானாகச் செய்யும் நிலைக்கு வர சராசரியாக 66 நாட்கள் ஆயின. எளிய பழக்கம் 18 நாளில் படிந்தது. கடினமானது 254 நாள் வரை போகும் என்று கணக்கு காட்டியது. இது பெரியவர்களின் கணக்கு. பிள்ளைகளிடம் அதைவிட அவசரப்படுவதில் அர்த்தமே இல்லை.

அந்த ஆய்வில் பெற்றோருக்கு ஆறுதலான ஒரு செய்தியும் உண்டு. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் கெட்டுவிடுவதில்லை. அடுத்த நாள் தொடர்ந்தால் போதும். ஆகவே, "நேத்து செய்யலல்ல, உன்னால எதுவும் உருப்படியா முடியாது" என்று சொல்லாதீர்கள். "நேத்து விட்டுப்போச்சு, இன்னிக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லுங்கள்.

பழக்கத்தை எதோடு சேர்க்கிறோம் என்பதும் முக்கியம். "தினமும் படி" என்றால் எப்போது என்று பிள்ளைக்குத் தெரியாது. "சாயங்காலம் பால் குடிச்சு டம்ளரைக் கழுவி வச்சதும் நோட்டை எடு" என்றால் டம்ளரே பெல் ஆகிவிடும். புதுப் பழக்கத்தை, ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒரு காரியத்தின் வாலில் கட்டிவிடுங்கள். ஒரே நேரத்தில் ஒரு பழக்கம் போதும். பத்து விதிகளை சார்ட் பேப்பரில் எழுதிச் சுவரில் ஒட்டினால், அது சுவரில்தான் இருக்கும்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறோமா?

குழந்தை முன்னால் ஒரு மிட்டாயை வைத்து, "இதைத் தின்னாமல் நான் திரும்பி வரும் வரை காத்திருந்தால் இரண்டு தருவேன்" என்று சொல்லும் சோதனையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் நடத்தியது. காத்திருக்கத் தெரிந்த குழந்தைகள் பின்னாளில் நன்றாக வந்தார்கள் என்று ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2018-ல் இன்னும் அதிகக் குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது, அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி குடும்பச் சூழலால் வந்தது என்று தெரிந்தது.

அதற்கு முன்பே ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்பவர் இதில் ஒரு சின்ன மாற்றம் செய்து பார்த்திருந்தார். 28 குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார். சோதனைக்கு முன்னால் இரண்டு குழுவிடமும், "கொஞ்சம் பொறு, புது கலர் பென்சில், நல்ல ஸ்டிக்கர் கொண்டுவருகிறேன்" என்று வாக்குக் கொடுக்கப்பட்டது. ஒரு குழுவுக்குச் சொன்னபடி வந்தது. இன்னொரு குழுவுக்கு "இல்லை, தீர்ந்துபோச்சு" என்று சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு மிட்டாய் சோதனை. வாக்கு காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த குழந்தைகள் 3 நிமிடம்தான்.

ஏமாந்த குழந்தைகளுக்குப் பொறுமை இல்லை என்று சொல்ல முடியுமா? இவர்கள் பேச்சை நம்பிப் பிரயோஜனம் இல்லை என்று சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நம் வீட்டில் எத்தனை 'தீர்ந்துபோச்சு' நடக்கிறது? "பரீட்சை முடியட்டும், கொல்லிமலைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு, முடிந்ததும் "வேலை இருக்குடா" என்கிறோம். "மார்க் வாங்கு, சைக்கிள் வாங்கித் தர்றேன்" என்று சொல்லி, வாங்கியதும் "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்கிறோம். பிள்ளைக்குச் சுயகட்டுப்பாடு வர வேண்டுமானால், முதலில் நம் சொல்லுக்கு மதிப்பு இருக்க வேண்டும். முடியாததைச் சொல்லாதீர்கள். சொன்னதைச் செய்துவிடுங்கள். பட்ஜெட் இடிக்கிறதா? அதையும் பிள்ளையிடம் நேரடியாகச் சொல்லலாம். "இந்த மாசம் முடியல, தை மாசம் கண்டிப்பா" என்று சொல்லி, தை மாதம் செய்தால் அதுவும் வாக்குதான்.

எந்த வயதில் என்ன வேலை?

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73-ல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். சிறு வயதில் தன்னைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவர்களுக்கு 32 வயதில் உடல்நலம், சேமிப்பு எல்லாமே மேலாக இருந்தன. ஆனால் சிறு வயதில் அப்படி இல்லாமல் போனவர்கள் எல்லாம் தோற்றுவிடவில்லை. வளர வளரக் கற்றுக்கொண்டவர்களும் முன்னேறியிருந்தார்கள். 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று கேட்போம். பதினைந்திலும் வளைக்கலாம் என்கிறது இந்த ஆய்வு.

எங்கிருந்து தொடங்குவது? வீட்டு வேலைகளிலிருந்துதான்.

5 முதல் 7 வயது: சாப்பிட்ட தட்டைத் தொட்டியில் போடுவது, செருப்பை ஓரமாக வைப்பது, தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொள்வது, விளையாட்டுச் சாமான்களைக் கூடையில் எடுத்துப் போடுவது. அம்மா, அப்பாவின் முழுப் பெயர், வீட்டு விலாசம், ஒரு போன் நம்பர் ஆகியவை மனப்பாடமாகத் தெரிய வேண்டும்.

8 முதல் 10 வயது: டைம்டேபிளைப் பார்த்துத் தன் பையைத் தானே அடுக்குவது. நாராயண் வருத்தப்பட்டாரே, அந்தப் பைச் சுமையில் ஒரு பங்கு, எல்லா நாளும் எல்லாப் புத்தகத்தையும் தூக்கிப்போவதால் வருவது. பையின் எடை குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்கிறது 2020-ன் பள்ளிப் பைக் கொள்கை. 25 கிலோ குழந்தைக்கு இரண்டரை கிலோதான். வீட்டுத் தராசில் ஒரு முறை பிள்ளையையே எடை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இதோடு தன் தட்டைக் கழுவுவது, துணியை மடிப்பது, பக்கத்துக் கடையில் பாக்கிச் சில்லறையை எண்ணி வாங்கி வருவது.

11 முதல் 13 வயது: சாதம் வைப்பது, முட்டை வேகவைப்பது, எளிதாக ஒரு ரசம், பட்டன் தைப்பது, தன் உள்ளாடையைத் தானே துவைப்பது. டவுன் பஸ்ஸில் பக்கத்து ஊர் அம்மாயி வீட்டுக்குப் போய்வருவது. முதலில் நாம் கூடப் போக வேண்டும். அடுத்த முறை அவன் டிக்கெட் வாங்க, நாம் பின்னால் உட்கார வேண்டும். மூன்றாவது முறை தனியாக அனுப்பலாம்.

14 முதல் 17 வயது: வங்கியில் செலான் எழுதுவது, டாக்டரிடம் தன் உடம்புக்கு என்ன என்று தானே சொல்வது, கேஸ் சிலிண்டரை மூடத் தெரிவது. ஓடிபி நம்பரை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது என்பது, ஆம்புலன்ஸுக்கு 108, ஆன்லைனில் பணம் போனால் 1930 என்பது. ஒரு நாள் முழுக்க வீட்டைப் பார்த்துக்கொண்டு, தம்பி தங்கைக்குச் சாப்பாடு போடத் தெரிய வேண்டும்.

இதில் பையனுக்கு ஒரு பட்டியல், பெண்ணுக்கு ஒரு பட்டியல் என்று இல்லை. ரசம் வைக்கத் தெரியாத பையன் நாளை வேலைக்காக ஓசூரிலோ கோயம்புத்தூரிலோ ரூம் எடுத்துத் தங்கும்போது மூன்று வேளையும் ஹோட்டலில் காசைக் கரைப்பான். வங்கிக்குப் போகத் தெரியாத பெண் காலம் முழுக்க யாராவது துணைக்கு வர வேண்டும் என்று காத்திருப்பாள். இரண்டுமே நஷ்டம்தான்.

வேலை கற்பது வேறு, வேலைக்கு வைப்பது வேறு

ராசிபுரம் பக்கம் தறி ஓடும் வீடுகள் உண்டு. மரவள்ளிக் காடும் ஆடு மாடும் உள்ள வீடுகளும் உண்டு. இங்கே பிள்ளைகள் வேலை கற்பது புதிதல்ல. தார் சுற்றவும் பால் கறக்கவும் பார்த்துப் பார்த்தே கற்றுவிடுவார்கள். அந்தக் கைத்திறனுக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். 14 வயதுக்குள் இருக்கும் பிள்ளை பள்ளி நேரத்துக்குப் பிறகோ, லீவிலோ ஆபத்தில்லாத குடும்ப வேலையில் உதவலாம் என்றுதான் 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் அனுமதிக்கிறது. படிப்பு, விளையாட்டு, தூக்கம் ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது பழக்கம் கற்றுக்கொடுப்பது இல்லை, பிள்ளையின் நேரத்தை எடுத்துக்கொள்வது.

காசும் கணக்கும்

முன்பு பல பள்ளிகளில் 'சஞ்சயிகா' என்ற சிறுசேமிப்புத் திட்டம் இருந்தது. ஐம்பது காசு, ஒரு ரூபாய் என்று வாத்தியாரிடம் கட்டி, பாஸ்புக்கில் பதிந்து வாங்கிய ஞாபகம் இன்றைய அப்பா அம்மாக்களில் பலருக்கு இருக்கும். அந்தப் பாஸ்புக்கில் தொகை ஏறுவதைப் பார்க்கும் சந்தோஷமே தனி.

இப்போது பிள்ளைகள் காசைக் கண்ணாலேயே பார்ப்பதில்லை. அப்பா போனைக் காட்டுகிறார், 'டொய்ங்' என்று சத்தம் வருகிறது, பொருள் கைக்கு வந்துவிடுகிறது. காசு தீரும் என்பதே குழந்தைக்குத் தெரிவதில்லை. அதனால் வாரத்துக்கு ஒரு சின்னத் தொகையை ரூபாய் நோட்டாகவும் நாணயமாகவும் கையில் கொடுங்கள். மூன்று டப்பா வைக்கச் சொல்லுங்கள்: செலவுக்கு, சேமிப்புக்கு, அடுத்தவருக்குக் கொடுக்க. செலவு டப்பா புதன்கிழமையே காலியானால் காலியாகவே இருக்கட்டும். அம்மாயி இரக்கப்பட்டு நிரப்பிவிட்டால் பாடம் போய்விடும்!

பத்து வயது நிரம்பிய பிள்ளை தபால் அலுவலகத்தில் தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். ஒரு சனிக்கிழமை காலையில் கூட்டிப்போய், விண்ணப்பத்தை அவர்களையே நிரப்பச் சொல்லுங்கள். தன் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்று அன்றைக்குப் பிள்ளைக்குப் புரியும்.

தூக்கத்தில் கை வைக்காதீர்கள்

'விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படித்தால்தான் ஏறும்' என்று நம்புகிறவர்கள் ஒரு கணக்கை மறந்துவிடுகிறார்கள். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் பரிந்துரை. நாலு மணிக்கு எழுப்ப வேண்டுமானால் எட்டு மணிக்குப் படுக்கப் போட வேண்டும். பதினொரு மணி வரை டிவியும் ஓடி, நாலு மணிக்கு அலாரமும் அடித்தால் பிள்ளை புத்தகத்தின் மேல்தான் தூங்கும்.

செல்போனுக்கும் இதுவே வழி. பிடுங்கி வைத்தால் ஒளித்து எடுப்பார்கள். வீட்டில் எல்லா போனும் இரவு ஒன்பது மணிக்கு ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜில் போடப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா போனும் சேர்த்துத்தான். அப்பா மட்டும் கட்டிலில் படுத்து ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தால், பிள்ளை கற்றுக்கொள்வது விதியை இல்லை, ரீல்ஸைத்தான்.

அடித்தால் திருந்துமா?

"எங்க வாத்தியார் அடிச்ச அடியிலதான் நான் இன்னிக்கு இந்த நிலைமையில இருக்கேன்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. அடிக்குப் பயந்து செய்கிற காரியம், அடிக்கிற கை நகர்ந்ததும் நின்றுவிடும். மறுபடியும் அதே பெல் கதைதான். பள்ளியில் குழந்தையை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. "நீங்க அடிச்சே திருத்துங்க சார்" என்று ஆசிரியரிடம் பெற்றோர் அனுமதி கொடுத்தாலும் செல்லாது.

அடிக்குப் பதில், செய்த காரியத்தின் விளைவைப் பிள்ளையே சந்திக்கட்டும். தண்ணீரைக் கொட்டினானா, துணியை எடுத்து அவனே துடைக்கட்டும். ஹோம்வொர்க் செய்யவில்லையா, இரவு பத்து மணிக்கு நாம் உட்கார்ந்து எழுதிக் கொடுக்காமல், மறுநாள் வகுப்பில் அவனே பதில் சொல்லட்டும். மனசு கேட்காது. ஆனாலும் ஏழாம் வகுப்பில் ஒரு நாள் தலை குனிவது, இருபத்தைந்து வயதில் தலை குனிவதைவிட லேசானது.

பாராட்டும்போதும் "நீ அறிவாளி" என்பதைவிட, "மூணு தடவை தப்பா வந்தும் விடாம போட்டியே" என்று உழைப்பைச் சொல்லிப் பாராட்டுங்கள். அறிவாளிப் பட்டம் வாங்கிய பிள்ளை, பட்டம் போய்விடுமோ என்று பயந்து கடினமான கணக்கைத் தொடாது.

ஹாஸ்டலில் படிக்கும் பிள்ளைக்கு

எல்லாராலும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துப் படிக்க வைக்க முடிவதில்லை. லாரியில் மாதக்கணக்கில் வெளியூர் போகும் அப்பாக்கள், போர்வெல் வண்டியோடு வடமாநிலம் போகிறவர்கள் இந்த மாவட்டத்தில் நிறைய. ஹாஸ்டல்தான் வழி என்றால் அனுப்பலாம். தவறில்லை. ஆனால் ஒழுங்கை ஹாஸ்டலிடம் குத்தகைக்கு விட்டுவிட முடியாது.

சேர்ப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். பிள்ளைகள் எத்தனை மணி நேரம் தூங்குகிறார்கள்? தினமும் விளையாட நேரம் உண்டா? வீட்டுக்குத் தனியாகப் பேச எப்போது விடுவீர்கள்? ரிசல்ட் போர்டைவிட இந்தப் பதில்கள்தான் அந்த இடத்தைப் பற்றிச் சொல்லும்.

போனில் பேசும்போது "எத்தனை மார்க்?" என்று தொடங்காதீர்கள். "இன்னிக்கு யார் கூடச் சாப்பிட்ட? என்ன விளையாண்ட?" என்று கேளுங்கள். மார்க்கை மட்டுமே கேட்கும் வீட்டுக்கு, மார்க்கைத் தவிர வேறு கஷ்டத்தைச் சொல்லப் பிள்ளைக்கு வாய் வராது. யாராவது தொட்டாலோ, அடித்தாலோ, மிரட்டினாலோ, தாங்க முடியாத மனக்கஷ்டம் வந்தாலோ சொல்லலாம், சொன்னால் திட்ட மாட்டோம் என்பதை நீங்கள்தான் வாய்விட்டுச் சொல்லி அனுப்ப வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 ஆகிய இரண்டும் பிள்ளைக்கு மனப்பாடமாகத் தெரிய வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பத்து வாழ்க்கைத் திறன்களில் முடிவெடுப்பது, எடுத்துச் சொல்வது, மன அழுத்தத்தைச் சமாளிப்பது எல்லாம் அடக்கம். உதவி கேட்கத் தெரிவதும் ஒரு திறமைதான். பல பிள்ளைகளைக் காப்பாற்றும் திறமை அது.

லீவுக்கு வரும்போது முதல் இரண்டு நாள் தூங்கட்டும். உடம்பு கேட்கும். மூன்றாம் நாளிலிருந்து வீட்டில் ஒரு பொறுப்பை அவர்களிடம் ஒப்படையுங்கள். வாரச்சந்தைக்குப் போய் வருவது, தாத்தாவின் மாத்திரையை வேளாவேளைக்கு எடுத்துக் கொடுப்பது என்று எதுவாகவும் இருக்கலாம். விருந்தாளியாகவே வந்து விருந்தாளியாகவே திரும்பிப் போகிற பிள்ளைக்கு வீடு ஒரு லாட்ஜ் மாதிரி ஆகிவிடும்.

இந்த வாரமே தொடங்க ஐந்து

1. ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். எது என்று பிள்ளையே சொல்லட்டும்.

2. தினமும் நடக்கும் ஏதாவது ஒரு காரியத்தோடு அதைச் சேர்த்துவிடுங்கள்.

3. காலண்டரில் தினமும் டிக் அடிப்பது பிள்ளையின் வேலை. விட்டுப்போன நாளைச் சிவப்பு மையில் சுழிக்க வேண்டாம்.

4. நீங்களும் ஒரு பழக்கத்தை ஏற்றுக்கொண்டு அதே காலண்டரில் டிக் அடியுங்கள். தவறினால் பிள்ளை கேட்கட்டும்.

5. பிள்ளைக்கு நீங்கள் கொடுத்து நிறைவேற்றாத ஒரு வாக்கை இந்த வாரம் நிறைவேற்றுங்கள்.

ராசிபுரம் நெய்க்குப் பேர்போன ஊர். வெண்ணெய் உருக்குகிற வீட்டில் பெரியவர்கள் அடுப்பை விட்டு நகர மாட்டார்கள். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் கருகிவிடும், கவனிக்காமல் விட்டால் பொங்கி வழிந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். சின்னத் தீயில், பக்கத்திலேயே நின்று, வாசம் வரும் வரை காத்திருக்க வேண்டும். பிள்ளை வளர்ப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

அடுத்த லீவில், யாரும் எழுப்பாமல் ஒரு நாள் பிள்ளை தானாக எழுந்து, தான் குடித்த டம்ளரைத் தானே கழுவி வைப்பதைப் பார்த்தால், சத்தம் போட்டு ஊரைக் கூட்டிவிடாதீர்கள். "எந்திரிச்சிட்டியா கண்ணு" என்று மட்டும் சொல்லுங்கள். பெல் இல்லாமல் எழுந்த பிள்ளைக்கு அது போதும்.